பிடியரிசியில் வாங்கிய கார்

1. பிள்ளைப்பேற்றில் இடைஞ்சற்படும் பெண்களைப் பட்டணத்துப் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோக ஒரு கார் வாங்குவதென்று எங்கள் ஊர் மாதர் சங்கம் தீர்மானித்தது.

2. அதற்காக வீடு வீடாகப் பிடியரிசி எடுத்தோம். ஆண்கள் வண்டிற்சவாரி என்னும் மாட்டுவண்டிப் பந்தயம் வைத்தார்கள்.

3. கார் வந்தது. சில பெண்கள் அதில் போய்ப் பிள்ளையோடு திரும்பி வந்தார்கள்.

4. பிள்ளைகள் பிறக்கப் பிறக்க அரிசி குறைந்தது.

5. பெற்றோலுக்காகக் காரைக் கலியாணங்களுக்கு வாடகைக்கு விட்டோம்.

6. கலியாண வீட்டார் அதில் ஏறவேண்டும் என்பதற்காக ஒரு விதி செய்தோம்.

7. பாக்கியம் இறந்தாள்.

இவை ஏழும் இந்த ஒழுங்கிலேதான் நடந்தன. ஒன்றை மட்டும் எடுத்துவிட்டு மற்றவற்றை வைத்திருக்கலாமா என்று பலமுறை யோசித்துப் பார்த்திருக்கிறேன். முடியவில்லை.

நான் ஓய்வு பெறுவதாகச் சங்கக் கூட்டத்தில் சொன்னபோது பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். முப்பது வயது நிரம்பாதவள் ஓய்வு பெறுவது சிரிப்புக்குரியதுதான். ஆனால் சங்கத்தின் மருத்துவமாது மணமாகாதவளாக இருக்கவேண்டும் என்பது என்னை நியமித்தபோதே வைத்த நிபந்தனை. வருகிற ஆவணியில் எனக்குக் கொடிகாமத்தில் கலியாணம். அதனால் பையைக் கழுவி, கத்தரிக்கோலைத் துடைத்து, எல்லாவற்றையும் ஒப்படைத்துவிட்டேன். என் இடத்துக்குப் பயிற்சி முடித்த இரண்டு பிள்ளைகள் வந்திருக்கிறார்கள். வந்த கிழமையே அவர்களில் ஒருத்தி கேட்டாள்: “மிஸி, சங்கத்துக்குச் சொந்தமாக் கார் இருக்கெண்டு சொல்லிச்சினம். அப்ப ஏன் நேற்று அந்த அக்காவை மாட்டுவண்டியிலை ஏத்தினனாங்கள்?”

வாயால் சொல்ல எனக்கு வரவில்லை. எழுதித் தருகிறேன் என்றேன்.

என் படிப்பைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. கொழும்பில் மருத்துவமாதுப் பயிற்சி பெற்றேன். அங்கே கற்றவற்றில் ஒன்றை மட்டும் இங்கே சொல்லவேண்டும். பிள்ளைப்பேற்றில் வரும் ஆபத்துகளை எங்களுக்கு இரண்டாகப் பிரித்துக் கற்பித்தார்கள். முன்கூட்டியே தெரிவன: குறுகிய இடுப்பு, குறுக்கே கிடக்கும் பிள்ளை, கால் முக வீக்கம். முன்கூட்டித் தெரியாதன: உதிரப்போக்கு, பிறந்தபின் இறங்காத நச்சுக்கொடி. முதல் வகைக்கு நாள் இருக்கும். இரண்டாம் வகைக்கு வண்டி வேண்டும். அந்தப் பாடத்தை நான் மறக்கவில்லை. ஊருக்கு வந்து சங்கத்தில் அதைச் சொன்னதும் நான்தான். கார் என்ற எண்ணம் அன்றைக்குத்தான் பிறந்தது.

அச்சுவேலிச் சந்தையிலிருந்து கடற்கரைப் பக்கமாகப் போகும் குறுந்தெருக்களான ஒழுங்கைகளில் எங்கள் ஊர் இருக்கிறது. புகையிலைத் தோட்டங்கள், வெங்காயத் தறைகள், கிணறுகள். அங்கிருந்து பட்டணத்து ஆஸ்பத்திரிக்கு மாட்டுவண்டியில் போவதென்றால் புத்தூர், நீர்வேலி, கோப்பாய் என்று ஒவ்வோர் ஊராகத் தாண்டவேண்டும். அச்சுவேலியில் வாடகைக் கார் நின்றது. ஆனால் பிள்ளைப்பேற்று நோக்கண்ட பெண்ணென்றால் அதன் சொந்தக்காரர் வீட்டிலே இல்லையென்று சொல்லச் சொல்லிவிடுவார். காருக்குள் பிள்ளை பிறந்தால் காருக்குத் துடக்கு என்னும் தீட்டு. பிறகு அதில் எவர் கோயிலுக்குப் போவார்?

சங்கத் தலைவி அன்னம்மா ரீச்சர். ஊரில் பாதிப் பேருக்கு எழுத்தறிவித்தவர். பெரிய ரீச்சர் என்றே எல்லாரும் சொல்வோம். சம்பளம் தந்தவரும் வேலை சொன்னவரும் அவர்தான். அவர் அரிசி எடுக்கும் விதத்தைப் புதிய பிள்ளைகள் அறியவேண்டும்.

அடுப்பில் உலை வைத்து, அரிசியைக் கழுவுவதற்கு முன், ஒரு பிடியை அள்ளிப் பக்கத்தில் உள்ள சிறு முட்டியில் போடவேண்டும். ஒவ்வொரு வீட்டுக்கும் சங்கமே முட்டி வாங்கிக் கொடுத்தது. அதைக் கிழமைக்கு ஒருமுறை போய் எடுக்கவேண்டும். முதற் கூட்டத்தில் வெள்ளிக்கிழமை என்று வைத்தோம். முதல் வெள்ளி பத்து வீடு போயும் சாக்கு வெறும் சாக்காகவே இருந்தது. பதினோராவது வீட்டுக்காரி சிரித்துவிட்டாள்.

“வெள்ளிக்கிழமையும் அதுவுமா வீட்டு அரிசியை ஆரெணை வெளியிலை விடுவினம்? ரீச்சர் படிப்பிச்சுப் படிப்பிச்சு உதை மறந்துபோனா போலை.”

பெரிய ரீச்சர் முகம் மாறாமல், “ஓம். வியாழன் வாறம்,” என்று சொல்லித் திரும்பினார். அதற்குப் பிறகு எப்போதும் வியாழன்தான்.

அவர் எந்த வீட்டுக்குள்ளும் போகமாட்டார். வேலிக் கதவான படலையில் நின்று ஒரு செருமல். குடையை மடக்கிக் கையிடுக்கில் வைப்பார். வீட்டுக்காரி, “வாங்கோ, இருங்கோ,” என்றால், “இருக்க வரேல்லைப் பிள்ளை, முட்டியைக் கொண்டு வா,” என்பார். முட்டி வந்ததும் கையை விட்டு ஒரு சிறங்கை அள்ளி வெயிலில் பார்ப்பார். பச்சையரிசியா, புழுங்கலா என்று சொல்வார். நாங்கள் இரண்டு சாக்குக் கொண்டு போனோம். இரண்டும் கலந்துவிட்டால் உலையில் ஒன்று வேக மற்றது குழையும். எந்தக் கடைக்காரனும் வாங்கமாட்டான். நன்றி என்று ஒருவருக்கும் சொன்னதில்லை. யாராவது பெருமைக்காகச் சுளகில் அரிசி கொண்டுவந்தால் பிடிக்கு மேலே உள்ளதைத் திருப்பிக் கொடுத்துவிடுவார்.

“பிடியெண்டால் பிடிதான். இண்டைக்குக் கொட்டினால் நாளைக்கு முட்டியைக் கவிட்டு வைச்சிடுவாய்.”

அப்போது எனக்கு அது கஞ்சத்தனமாகத் தெரிந்தது. பின்னர்தான் அதன் கணக்கு விளங்கியது. பெரும் கொடையாளி ஒருவர் வந்தால் மற்ற எல்லாரும் கையைக் கட்டிக்கொள்வார்கள். ஊர் முழுவதும் ஒவ்வொரு நாளும் அந்தக் காரை நினைக்கவேண்டும், சோறு சமைக்கும்போதெல்லாம் நினைக்கவேண்டும் என்று அவர் விரும்பினார்.

சாக்குத் தூக்க வந்தவள் பாக்கியம். கலியாணமாகி அதிக நாள் ஆகவில்லை. புருஷன் வேலுப்பிள்ளைக்குப் புகையிலைத் தோட்டம். அவன் தாயான மாமியோடு ஒரே வீட்டில் இருந்தாள். பெரிய ரீச்சர் பேசாமல் நிற்கும் இடத்தில் பாக்கியம் பேசுவாள். தெருவில் எல்லாருக்கும் அவள் வாய் தெரியும்.

ஊரின் கடைசி வளவில் ஒரு தோட்டக்காரர் இருந்தார். பெண்சாதியை முட்டி எடுக்கவிடாமல் தானே படலையை மறித்துக்கொண்டு நின்றார்.

“காரோ? உங்களுக்கென்னத்துக்குக் கார்? என்ரை ஆத்தை எட்டுப் பெத்தவ. எந்தக் காரிலை போய்ப் பெத்தவ?”

பாக்கியம் சாக்கை நிலத்தில் வைத்தாள். “எட்டிலை எத்தினை அண்ணை இருக்கினம்?”

அவர் படலையிலிருந்து கையை எடுத்தார். “மூண்டு,” என்றார்.

“அப்ப மிச்ச அஞ்சுக்கும் ஒரு பிடி போடுங்கோவன்.”

அவர் எங்களைத் திட்டினார். ஆனால் அடுத்த வியாழன் அந்தப் படலையிலே முட்டி இருந்தது. ஆளைக் காணவில்லை. திரும்பும் வழியில் பெரிய ரீச்சர், “உன்ரை வாய்க்கு ஒரு சங்கத்தையே நடத்தலாமடி,” என்றார். அவர் யாரையும் புகழ்ந்து நான் கேட்டது அந்த ஒருமுறைதான்.

ஆண்களின் பங்கைச் சொல்லாமல் விடக்கூடாது. புகையிலை வெட்டி முடிந்தபின் தரவை வெளியில் சவாரி வைத்தார்கள். குறிச்சிக்கு ஒரு சோடி மாடு. வெளியூரிலிருந்தும் சோடிகள் வந்தன. பார்க்க வந்தவர்கள் நுழைவுக்கு ஆளுக்கொரு தேங்காயோ ஒரு கட்டுப் புகையிலையோ கொடுத்தார்கள். அங்கேயே ஏலம் விட்டோம். வென்ற சோடிக்காரர் பரிசை மேடையிலேயே திருப்பிக் கொடுத்தார். தோற்றவர், “வெண்டிருந்தால் நானும் திருப்பித் தந்திருப்பன், அதை எழுதிக்கொள்ளுங்கோ,” என்று சண்டைக்கு வந்தார். அன்று எல்லாரும் சிரித்தோம். இந்தக் கதையில் நான் சந்தோஷமாக நினைத்துக்கொள்ளக்கூடிய நாள் அது ஒன்றுதான்.

கார் வந்தது. பட்டணத்தில் வழக்குப் பேசும் பிரக்கிராசியார் ஒருவர் ஓடி முடித்த பழைய கார். துணிக்கூரை. முன்னால் கம்பி விட்டுச் சுற்றினால்தான் உயிர் வரும். கந்தையா அண்ணை என்பவர் சாரதி. தன் வளவிலேயே கொட்டில் போட்டுக் காரை வைத்திருந்தார். காருக்குள் செய்யவேண்டிய மாற்றங்கள் என் பொறுப்பு. பின்னாசனத்தைக் கழற்றி எடுக்கும்படி செய்தேன். அந்த இடத்தில் கித்தான் இழுத்துக் கட்டிய ஒரு பலகைப் படுக்கை. கால்மாட்டை உயர்த்த இரண்டு கட்டைகள். றப்பர் சீலை, எனாமல் பேசின், வெந்நீர்ப் போத்தல், இரண்டு கம்பளி, கயிறு, கத்தரிக்கோல், மருந்துப் போத்தல்கள். பெண்ணை எப்போதும் தலை முன்பக்கமாக ஏற்றவேண்டும். இரண்டு பேர் தூக்குவது போதாது. மூன்றாம் ஆள் இடுப்பின் கீழ் கை கொடுக்கவேண்டும். இவற்றைக் கந்தையா அண்ணைக்கு ஒரு நெல்லுச் சாக்கை வைத்துப் பழக்கினேன்.

“மிஸி, சாக்கு நோகுதெண்டு கத்தாது,” என்றார் அவர். “கத்தினால் என்ன செய்யிறது?”

“ஓட்டுங்கோ,” என்றேன்.

அவர் நன்றாகவே ஓட்டினார். குறுக்கே கிடந்த பிள்ளையோடு ஒருத்தி போனாள், இருவரும் வந்தார்கள். வலிப்புக் கண்ட ஒருத்தி போனாள்; அவளும் வந்தாள். பிள்ளையைக் காட்டப் படலைக்குத் தூக்கி வருவார்கள். பெரிய ரீச்சர் தொடாமல் பார்ப்பார். துடக்கு.

அந்தச் சொல்லைத்தான் நாங்கள் ஒருவரும் கணக்கில் எடுக்கவில்லை. பிள்ளை பிறந்தால் முப்பத்தொரு நாள் துடக்கு என்பது யாருக்கும் தெரியாததல்ல. துடக்கு வீட்டு அரிசியைப் பொதுக் காரியத்துக்கு எடுப்பதில்லை. அது பெற்றவளின் வீட்டோடு நிற்பதுமில்லை. தகப்பன் வழிச் சொந்தம் முழுவதற்கும் உண்டு. எங்கள் ஊரிலோ ஒரு ஒழுங்கை என்றால் ஒரே சொந்தம். ஒரு பிள்ளை பிறந்தால் அந்த ஒழுங்கை முழுவதும் முட்டியைக் கவிழ்த்து வைக்கும். அந்தத் துடக்குக் கழியும் முன் அதே ஒழுங்கையில் இன்னொரு பிள்ளை பிறக்கும். முன்பென்றால் அந்தப் பிள்ளைகளில் சில பிறந்திருக்காது. கார் நன்றாக ஓட ஓட அரிசி குறைந்தது. சாக்கு இரண்டிலும் சேர்த்து ஒரு சாக்களவே இருந்தது. பிறகு அந்த ஒன்றும் பாதியானது. கொடுக்க மனமில்லாமல் ஒருவரும் நிறுத்தவில்லை. கொடுக்க முடியாமல் நின்றார்கள்.

பெற்றோலுக்கு வேறு வழி தேடினோம். கலியாணங்களுக்கும், ஆடி அமாவாசைக்குக் கீரிமலைக்குத் தீர்த்தமாடப் போகிறவர்களுக்கும் காரை விடுவதென்று முடிவாயிற்று. பின்னாசனத்தை மாட்டினால் அது நல்ல கார்தான். இரண்டு மூன்று கலியாணம் ஓடியது. அதன்பின் ஒரு கலியாண வீட்டில் மாப்பிள்ளையின் தாய் கார்க் கதவில் கையை வைத்தபடி கந்தையா அண்ணையிடம் கேட்டாளாம்:

“உண்மையைச் சொல்லு. உதுக்குள்ளை ஆரும் பெத்தவையோ?”

அவர் பொய் சொல்லத் தெரியாத மனிதர். கோப்பாயடியில் ஒருத்தி பெற்றதைச் சொல்லிவிட்டார். மாப்பிள்ளை நடந்து போனார். அந்த மாதம் காரை யாரும் கேட்கவில்லை. பெற்றோல் இல்லாமல் கார் கொட்டிலில் நின்றது. நின்ற நாட்களில் ஒரு பெண்ணை மாட்டுவண்டியில்தான் கொண்டுபோனோம். பிள்ளை தங்கவில்லை.

இதற்காகக் கூடிய கூட்டத்தில்தான் விதி செய்தோம். நோக்கண்டவர், நீர்க்குடம் உடைந்தவர், உதிரம் போகிறவர் ஆகியோரைக் காரில் ஏற்றுவதில்லை. மருத்துவமாது முன்கூட்டியே கண்டு சொல்லும் பெண்களை, நோ வருமுன், ஏற்றிக்கொண்டுபோய் ஆஸ்பத்திரியில் விடலாம்.

நான் எழுந்து, முன்கூட்டித் தெரிவன எவை, தெரியாதன எவை என்று பயிற்சியில் படித்த அதே ஒழுங்கில் சொன்னேன். இந்த விதி முதல் வகையைக் காப்பாற்றும், இரண்டாம் வகையைக் கைவிடும் என்றேன்.

“நீ சொல்லுறது சரி பிள்ளை,” என்றார் பெரிய ரீச்சர். “ஆனால் பெற்றோல் இல்லாத கார் ரெண்டு வகையையும் ஏத்தாது. வேறை வழி இருந்தால் சொல்லு, எழுதுவம்.”

எனக்கு வேறு வழி தெரியவில்லை. இன்றைக்கும் தெரியாது.

முதலில் கை உயர்த்தியவள் பாக்கியம். அப்போது அவள் கர்ப்பிணி. “பாதியாவது ஓடட்டும் மிஸி,” என்று எனக்குக் கேட்கும்படி சொன்னாள். அதோடு நிற்கவில்லை. கலியாணப் பேச்சு நடக்கும் வீடெல்லாம் தேடிப்போய்ச் சொன்னவளும் அவள்தான்: “இனிப் பயப்பிடாதேங்கோ. நோக்கண்ட ஒருத்தியும் உதிலை ஏறமாட்டாள். நான் சொல்லுறன்.” அவள் சொன்னதை ஊர் நம்பியது. வாடகை வந்தது. கார் ஓடியது. முன்கூட்டிக் கண்டுசொன்ன பெண்கள் போய் வந்தார்கள். நான் ஒவ்வொரு வீடாகப் போய் வயிற்றைத் தொட்டு, காலை அமுக்கிப் பார்த்து, இரண்டாம் வகையில் யாரும் வராதிருக்கவேண்டும் என்று நினைத்துக்கொண்டு திரும்புவேன்.

பாக்கியத்தை வழக்கத்திலும் கவனமாகப் பார்த்தேன். இடுப்பு நல்ல அகலம். பிள்ளை தலைகீழாகச் சரியாகக் கிடந்தது. வீக்கமில்லை. முன்கூட்டிச் சொல்வதற்கு அவளிடம் ஒன்றுமில்லை.

காலைக் கஞ்சிக்குப் பிறகு அவளுக்கு நோ வந்தது. வெயில் ஏறுமுன் பெண்பிள்ளை பிறந்து நன்றாக அழுதது. பாக்கியம், “வாய் என்ரை வாய்தான்,” என்று சிரித்தாள். மாமி பிள்ளையைக் குளிப்பாட்ட எடுத்துப் போனார். நான் நச்சுக்கொடிக்காகக் காத்திருந்தேன்.

அது இறங்கவில்லை. உதிரம் போகத் தொடங்கியது.

செய்யவேண்டியவற்றைச் செய்தேன். வயிற்றின் மேல் கைவைத்துக் கருப்பையைத் தேய்த்தேன். இறுகும், விட்டால் தளரும். குழாய் வைத்து அவள் சிறுநீரை வெளியேற்றினேன். கட்டிலின் கால்மாட்டுக்குச் செங்கல் வைத்து உயர்த்தினேன். இழுக்கக்கூடாத கொடியை இழுக்கவில்லை. கையை உள்ளே விட்டு அதை எடுப்பது டொக்டரின் வேலை. எங்களுக்கு அதற்கு அனுமதியும் இல்லை, பழக்கமும் இல்லை. வேலுப்பிள்ளையைக் கூப்பிட்டுக் காருக்கு அனுப்பினேன். அந்த நேரம் எனக்கு விதி நினைவில் இல்லை. நினைவில் இருந்திருந்தாலும் அனுப்பியிருப்பேன்.

கார் உடனே வந்தது. கழுவித் துடைத்து, பின்னாசனம் மாட்டி, முன்னால் இரண்டு பக்கமும் பூமாலை கட்டியிருந்தது. மறுநாள் அச்சுவேலியில் கலியாணம். அதற்காகக் கந்தையா அண்ணை ஆயத்தம் செய்துகொண்டிருந்த கார். அதன் பின்னாலேயே பெரிய ரீச்சரும் வந்து படலையில் நின்றார்.

“ஆசனத்தைக் கழற்றுங்கோ அண்ணை, பலகையைப் போடுங்கோ,” என்று உள்ளிருந்து சொன்னேன்.

கந்தையா அண்ணை பெரிய ரீச்சரைப் பார்த்தார். பாக்கியத்துக்கு அது கேட்டுவிட்டது.

“வேண்டாம் மிஸி,” என்றாள். “நான் உதிலை ஏறன்.”

“விசர்க்கதை கதையாதை,” என்றான் வேலுப்பிள்ளை. அவன் அழுதுகொண்டிருந்தான்.

“நானெல்லோ எல்லா வீட்டையும் போய்ச் சொன்னனான். இப்ப நானே ஏறினால் பேந்து ஆர் நம்புவினம்? கார் நிண்டுபோம். வண்டிலைக் கட்டுங்கோ. எனக்கு ஒண்டுமில்லை.”

அப்போது அவள் குரல் தெளிவாகவே இருந்தது. அதுதான் எல்லாரையும் ஏமாற்றியது. வெளியே நின்றவர்களுக்குக் குரல் மட்டும் கேட்டது. படுக்கையைப் பார்த்தவள் நான் ஒருத்திதான்.

பெரிய ரீச்சர் படலையில் நின்றபடியே ஒரு வழி சொன்னார். “கந்தையா, நீ காரிலை போய் டொக்டரைக் கூட்டிக்கொண்டு வா. டொக்டரை ஏத்த விதியிலை தடையில்லை. அதுக்கிடையிலை வண்டிலைக் கட்டட்டும்.”

“ரீச்சர்,” என்றேன், “டொக்டர் வாறதெண்டால் கார் போகவும் வேணும் வரவும் வேணும். இவவை ஏத்தினால் போனாலே போதும்.”

அதற்குள் கந்தையா அண்ணை கம்பியைச் சுற்றிவிட்டார். கார் பூமாலைகளோடு ஒழுங்கையால் போனது. உள்ளே ஒருவரும் இல்லை.

நான் திரும்பிக் கருப்பையைப் பிடித்தேன். சிறிது நேரத்தில் அறைக்குள் நிழல் விழுந்தது. பெரிய ரீச்சர். குடையைப் படலையிலே விட்டுவிட்டு, துடக்கு வீட்டுக்குள், பிள்ளைப்பேற்று அறைக்குள், தானாக நடந்து வந்திருந்தார். அவர் ஒரு வீட்டுக்குள் வந்ததை நான் அதற்கு முன் கண்டதில்லை. படுக்கையைப் பார்த்தார். நிலத்தைப் பார்த்தார். உதிரம் பிடித்த பேசினின் விளிம்பில் கைவைத்தார்.

“ஏத்துங்கோ,” என்றார். “காரைக் கூப்பிடு. ஏத்துங்கோ.”

அவர் வாசலுக்கு ஓடினார். அறுபது கடந்த மனுஷி, ஒழுங்கை முடிவு மட்டும் ஓடினார். கார்ச் சத்தம் கூட இல்லையென்று திரும்பி வந்து சொன்னார்.

வண்டிலில் வைக்கோல் பரப்பி, றப்பர் சீலை போட்டு ஏற்றினோம். நான் ஒரு கையால் வயிற்றைப் பிடித்தபடி பக்கத்தில் இருந்தேன். பெரிய ரீச்சர் கால்மாட்டில் இருந்து அவள் இரண்டு பாதங்களையும் தன் மடியில் உயர்த்தி வைத்துக்கொண்டார். வேலுப்பிள்ளை மாட்டை அடிக்கவில்லை, கெஞ்சினான். சவாரிக்கு ஓடிய மாடுதான். ஆனால் வேகமாக விட்டால் வண்டில் குலுங்கும். குலுங்கினால் கருப்பை தளரும். மெல்லப் போகச் சொன்னேன். பிறகு கெதியாகப் போகச் சொன்னேன். இரண்டும் பிழை.

புத்தூர் கடந்ததும் பாக்கியம், “கார் வந்திட்டுதோ?” என்று கேட்டாள். பெரிய ரீச்சர், “வருகுது மோனை,” என்றார். அதன்பின் அவள் கேட்கவில்லை.

நீர்வேலிக்கு இப்பால் கார் எதிரே வந்தது. டொக்டர் நல்ல மனிதர். அழைத்தவுடன் புறப்பட்டு வந்திருந்தார். வண்டிலில் ஏறி, அவள் கையையும் கண்ணையும் பார்த்தார். என்னிடம் என்னென்ன செய்தேன் என்று கேட்டார். ஒழுங்காகச் சொன்னேன். “வேறை ஒண்டும் செய்திருக்க ஏலாது,” என்றார். அதை எனக்கு ஆறுதலாகச் சொன்னார். பிறகு தெருவில் நின்ற காரையும் பூமாலையையும் பார்த்துவிட்டு, “உந்தக் கார் ஆரின்ரை?” என்று கேட்டார்.

“இவவின்ரை,” என்றார் பெரிய ரீச்சர்.

டொக்டரைத் திரும்பக் கொண்டுபோய் விட்டுவிட்டுக் கந்தையா அண்ணை வெறுங் காரோடு வந்தார். சடலம் வண்டிலிலேயே வீட்டுக்கு வந்தது. மறுநாள் கார் அச்சுவேலிக் கலியாணத்துக்குப் போனது. அதற்குத் துடக்கு ஒன்றும் இல்லை. சுத்தமாகத்தான் இருந்தது.

அந்தத் துடக்குக் கழிந்ததும் பெரிய ரீச்சர் கூட்டம் கூட்டி விதியை நீக்கவேண்டுமென்று பிரேரித்தார். யாரும் எதிர்க்கவில்லை. பெற்றோலுக்கு என்ன வழி என்று மட்டும் ஒருத்தி மெல்லக் கேட்டாள். அவர் கதிரையில் உட்கார்ந்துவிட்டார். பிரேரணை அப்படியே ஒத்திவைக்கப்பட்டது. அவர் தலைமையிலிருந்து விலகினார். இப்போது வெளியே வருவதில்லை. நான் போனால், “பிள்ளை நடக்குதோ?” என்று பாக்கியத்தின் மகளைப் பற்றிக் கேட்பார். வேறு பேச்சில்லை.

ஐரோப்பாவில் யுத்தம் தொடங்கிப் பெற்றோல் பங்கீட்டு அட்டைக்கு வந்தபின் கலியாண ஓட்டமும் குறைந்துவிட்டது. புதிய தலைவி நோயாளருக்கு மட்டுமென்று இரண்டாவது வண்டி ஒன்று வாங்க விரும்புகிறார். அதற்கு மீண்டும் பிடியரிசி எடுக்கவேண்டும் என்கிறார். எந்த அரிசியால் அதை ஓட்டுவது என்று கேட்டேன். பிறகு பார்ப்போம் என்றார்.

இன்றைய நிலை இதுதான். கார் கந்தையா அண்ணையின் கொட்டிலில் நிற்கிறது. விதி நீக்கப்படவில்லை. நோக்கண்டவரை மாட்டுவண்டியில் ஏற்றுகிறோம்; கால்மாட்டுக் கட்டைகளையும் றப்பர் சீலையையும் காரிலிருந்து எடுத்து வண்டிலுக்கு மாற்றியிருக்கிறேன், புதிய பிள்ளைகள் அவற்றைக் கவனிக்கவும். நான் வெள்ளிக்கிழமைக்குப் பிறகு கொடிகாமம் போகிறேன். பழைய முட்டிகளில் பெரும்பாலானவை உடைந்துவிட்டன அல்லது உப்புப் போட எடுத்துவிட்டார்கள். ஒரு வீட்டில் மட்டும் இடைவிடாமல் அரிசி விழுகிறது. பாக்கியத்தின் மாமி ஒவ்வொரு வியாழனும் முட்டியைப் படலைக்குக் கொண்டுவந்து வைக்கிறார். எடுக்க ஆள் போகாத கிழமைகளில் திரும்ப உள்ளே எடுத்து வைக்கிறார்.